‘ஆள் ரொம்ப சாது’ என்று எழுதுவதற்கு முன்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடைக்கு ஆள் சேர்த்துவிடுகிறவர் முதலாளியிடம் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான்: “பையன் ரொம்ப சாது மொதலாளி. ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டான்.” சொல்கிறவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். முதலாளி காதில் அது வேறு மாதிரி விழுகிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் நிறுத்தி வைத்தாலும் ஏன் என்று கேட்க மாட்டான். லீவு நாளில் கூப்பிட்டாலும் வருவான். சம்பளம் பத்து நாள் தள்ளிப் போனாலும் வாயைத் திறக்க மாட்டான். பையனின் குணத்தைச் சொல்லப் போய், அவனை எப்படி நடத்தலாம் என்று வழி சொல்லிக் கொடுத்தாயிற்று.

அடங்கிப் போகிறவர், மென்மையானவர், யார் சொன்னாலும் கேட்டுவிடுகிறவர் ஆகியோருக்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை. சாது, அடக்கம், பணிவு, பவ்யம், அப்பாவி, வெகுளி, ஏமாளி, தலையாட்டி, எடுப்பார் கைப்பிள்ளை என்று வரிசை நீளும். ஒண்டுக் குடித்தனம் மாதிரி இவை ஒன்றை ஒன்று ஒட்டி நிற்பதால் கதவு மாறித் தட்டுவது சுலபம். கல்யாண பயோடேட்டா எழுதுகிறவர், ரேங்க் கார்டில் ஒரு வரி குறிப்பு எழுதும் ஆசிரியர், காவல் நிலையத்துக்கு மனு எழுதிக் கொடுப்பவர், வடசென்னையை வைத்துக் கதை எழுதுகிறவர் ஆகிய நாலு பேருக்கும் இந்தக் கதவுகள் தெரிந்திருக்க வேண்டும். கதையில் சொல் தவறினால் ஒரு வரிதான் கெடும். மனுவில் தவறினால் ஒருவருடைய பணமே போய்விடும்.

மூன்று கேள்விகள்

சொல்லைத் தேடுவதற்கு முன்னால் ஆளைப் பாருங்கள்.

முதல் கேள்வி: அவராக வளைகிறாரா, யாராவது வளைக்கிறார்களா? தம்பிக்குக் கல்யாணம் ஆகிறது என்று அண்ணன் தன் அறையைக் காலி செய்து தந்தால் அதற்குப் பெயர் விட்டுக்கொடுத்தல். அதே அறையை, நாலு பேர் வாசலில் வந்து நின்றதால் எழுதிக் கொடுத்தால் அதைப் பணிவு என்று எழுதக் கூடாது. அவரைப் பணிய வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது: தான் வளைவது அவருக்கே தெரியுமா? தெரிந்து பொறுப்பவர் பொறுமைசாலி. தெரியாமல் நடப்பவர் வெகுளி. குடிகாரக் கணவனுக்குத் தெரியாமல் அரிசி டப்பாவில் பணம் சேர்த்து, மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்ணை ‘அப்பாவி’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும். எப்போது பேசக் கூடாது என்பதும் தெரியும். அப்பாவி என்று எழுதும்போது அவருடைய அறிவைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

மூன்றாவது: ஆதாயம் யாருக்கு? வளைகிறவருக்கே ஆதாயம் என்றால் ஜால்ரா, கூழைக்கும்பிடு, காக்கா பிடித்தல். எதிராளிக்கு என்றால் ஏமாளி, இளிச்சவாயன், எடுப்பார் கைப்பிள்ளை. இரண்டு பக்கமும் நன்மை என்றால் அனுசரணை, இணக்கம்.

பாதி வேலையை முதல் கேள்வியே முடித்துவிடும். தமிழ் இலக்கணம் அதற்கு ஒரு கருவியை நம் கையிலேயே கொடுத்திருக்கிறது.

அடங்கினானா, அடக்கினார்களா

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தது நினைவிருக்கும். அடங்கு–அடக்கு, ஒடுங்கு–ஒடுக்கு, முடங்கு–முடக்கு, மயங்கு–மயக்கு, மிரள்–மிரட்டு, ஆடு–ஆட்டு, ஏமாறு–ஏமாற்று. முதலில் வருவது தானாக நடப்பது, இரண்டாவது இன்னொருவர் நடத்துவது. அடங்கிப் போகிறவர்களைப் பற்றிய வினைகள் எவ்வளவு ஒழுங்காக இப்படி ஜோடி ஜோடியாக அமைந்திருக்கின்றன என்று கவனியுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது சொல்லுக்குள் ஒரு கை இருக்கிறது.

அந்தச் சொல்லைப் பெயர்ச்சொல் ஆக்கியதும் கை மறைந்துவிடும், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ‘அடக்கம்’ என்று எழுதினால் அவர் அடங்கினாரா, அவரை அடக்கினார்களா என்று தெரியாது. ‘பயந்த சுபாவம்’ என்றால் யாரைப் பார்த்துப் பயம் என்ற கேள்வியே எழாது. பிறக்கும்போதே பயந்துகொண்டு பிறந்தவர் மாதிரி ஆகிவிடும்.

ஆகவே முதலில் மனசில் தோன்றும் பெயர்ச்சொல்லை ஒரு தாளில் எழுதுங்கள். அதை வினையாக மாற்றுங்கள். தன்வினை, பிறவினை இரண்டையும் வைத்து இரண்டு வாக்கியம் எழுதிப் பாருங்கள். பிறவினை வாக்கியத்தில் எழுவாயாக ஒருவர் பெயரை உண்மையாகவே போட முடிகிறது என்றால், பெயர்ச்சொல்லை அடித்துவிட்டு அந்த வாக்கியத்தையே வையுங்கள். “அவள் அடக்கமானவள்” என்பது “மாமியார் அவளை வாயைத் திறக்க விடவில்லை” என்று மாறும். எழுவாயாகப் போட ஒருவரும் கிடைக்காவிட்டால் தன்வினையே சரி. அவர் இயல்பாகவே அமைதியானவர்தான்.

விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் ‘அடங்க மறு’ என்ற முழக்கம் தன்வினையில் இருப்பதைப் பாருங்கள். அடக்குகிறவனைப் பார்த்து ‘அடக்காதே’ என்று கேட்கவில்லை, அடங்குகிறவரைப் பார்த்துப் பேசுகிறது. ஒரு ‘க்’ எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கஷ்டம்.

கொடு, போ, கிட

இது இன்னும் நுணுக்கமானது, ஆனால் பேச்சில் எல்லாரும் தப்பாமல் பயன்படுத்துவது. வினையின் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சிறிய வினையைக் கவனியுங்கள்.

‘விட்டுக்கொடுத்தார்’, ‘வளைந்து கொடுத்தார்’, ‘இடம் கொடுத்தார்’. கொடுக்கிறவர் கையில் ஏதோ இருக்கிறது. கொடுக்காமலும் இருக்கலாம், ஆனாலும் கொடுத்தார். இந்தச் சொல் மரியாதையைக் குறைக்காது.

‘ஒத்துப் போனார்’, ‘பணிந்து போனார்’, ‘அடங்கிப் போனார்’. நின்ற இடத்திலிருந்து அவர் நகர்ந்துவிட்டார். நகர்ந்தது நல்லதற்காகவும் இருக்கலாம், வேறு வழியில்லாமலும் இருக்கலாம். ‘ஒத்துப் போ’ கொஞ்சம் மேலே நிற்கும், ‘அடங்கிப் போ’ கீழே.

‘அடங்கிக் கிடக்கிறார்’, ‘முடங்கிக் கிடக்கிறார்’. கிட என்று வந்துவிட்டால் எழுந்து நிற்கும் தெம்பு போய்விட்டது என்று அர்த்தம்.

ஒரே ஆளை வைத்து மூன்றையும் எழுதிப் பாருங்கள். “மருமகனுக்காக வளைந்து கொடுத்தார்.” “மருமகனிடம் அடங்கிப் போனார்.” “மருமகன் வீட்டில் அடங்கிக் கிடக்கிறார்.” ஒரு மனிதருடைய பத்து வருஷம் இந்த மூன்று வரியில் வந்துவிடும். நீங்கள் எழுத வேண்டியது இதில் எந்த வருஷம் என்று முடிவு செய்துகொண்டால் சொல் தானாக வந்து நிற்கும்.

‘கேட்டு’ என்பதன் பின்னால் வரும் வினையும் இப்படித்தான். சொல்வதைக் கேட்டு நடப்பவர் யோசித்து நடக்கிறார். சொல்வதைக் கேட்டு ஆடுகிறவருக்கு யோசனை கிடையாது.

சில சொற்கள், கிட்டத்தில்

சாது. நாய் வளர்க்கிறவர் வீட்டு வாசலில் தயங்கி நிற்கும்போது உள்ளே இருந்து “பயப்படாதீங்க, சாதுதான், கடிக்காது” என்று குரல் வரும். மாட்டுச் சந்தையிலும் இதே சொல்தான். காவி கட்டிய துறவியைக் குறிக்கும்போது சாதுவுக்கு வேறு மரியாதை. ஆனால் அன்றாடப் பேச்சில் மனிதரைச் சாது என்றால் நாய்க்குக் கொடுத்த அதே உத்தரவாதத்தைத்தான் கொடுக்கிறோம்: கடிக்காது. அதனால் அவரை நன்றாக அறிந்தவர்களிடம் பேசும்போது சாது என்று சொல்வதில் தப்பில்லை. அவர்மேல் அதிகாரம் செலுத்தப் போகிறவரிடம் சொல்லாதீர்கள். முதலாளி, வீட்டுக்காரர், சம்பந்தி மூவரும் இதில் அடக்கம். கடைக்குச் சிபாரிசு என்றால் “நேரத்துக்கு வருவான், கஸ்டமர்கிட்ட எரிஞ்சு விழ மாட்டான், கணக்குல கரெக்டா இருப்பான், சம்பளத்த தேதிக்கு எதிர்பாப்பான்” என்று சொல்லலாம். சாதுவில் இருந்த நல்லது அத்தனையும் இதில் வந்துவிட்டது, கெடுதல் வெளியே நின்றுவிட்டது.

தொழிலாளர்களைக் கூட்டமாகச் சாது என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். கடனும் வாடகையும் கழுத்தை நெரிக்கும்போது வருகிற அமைதியைக் குணம் என்று சொல்லக் கூடாது. பெரம்பூரில் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) நெசவாலைத் தொழிலாளர்கள் சேர்ந்து 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய மாதம் வரை அவர்கள் எல்லாரும் யாரோ ஒரு மேஸ்திரியின் வாயில் ‘சாதுவான ஆட்கள்’ ஆகத்தான் இருந்திருப்பார்கள்.

அடக்கம். இந்த ஒரு சொல் மூன்று வேலை பார்க்கிறது. காசிமேடு கல்லறையில் மாலை 4 மணிக்கு அடக்கம் என்று சுவரொட்டி ஒட்டுவார்கள். மளிகைக்கடைக்காரர் அடக்க விலைக்கே தருவதாகச் சொல்வார். மூன்றாவதுதான் குணம். மூன்றிலும் ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிறது என்ற பொருள் ஓடுகிறது. குறளில் 13ஆம் அதிகாரம் அடக்கமுடைமை. அங்கே பேசப்படுவது ஐம்புலனையும் நாக்கையும் தானே கட்டுக்குள் வைத்திருப்பது. இன்னொருவர் சொல்லுக்குக் கட்டுப்படுவது அங்கே பேச்சே இல்லை. இப்போதைய புழக்கத்தில் ஆணுக்கு அடக்கம் என்றால் சாதித்த பிறகும் அலட்டிக்கொள்ளாதவர், பெண்ணுக்கு அடக்கம் என்றால் எதிர்த்துப் பேசாதவள். ஒரே சொல்லுக்கு இப்படி இரண்டு தராசு இருப்பதை நாம் கண்டும் காணாமல் போகக் கூடாது. ஒரு பெண்ணைப் பற்றி எழுதிய வரியில் ‘அவன்’ என்று மாற்றிப் போட்டுப் படியுங்கள். “அவன் அடக்க ஒடுக்கமான பையன்” என்பது காதில் உறுத்துகிறதா? அப்படியானால் பெண்ணுக்கும் அந்த ‘ஒடுக்கம்’ வேண்டாம்.

அப்பாவி, அப்பிராணி, வெகுளி, ஏமாளி. கேடு செய்யாதவர், அதாவது குற்றத்தில் பங்கில்லாதவர் என்றால் அப்பாவி. குண்டு வெடிப்பில் ‘அப்பாவிப் பொதுமக்கள்’ என்று பத்திரிகை எழுதுவது இந்தப் பொருளில்தான். யாருக்கும் தொந்தரவு தராத, எதிர்க்கத் தெரியாத ஆள் அப்பிராணி. மனசில் பட்டதை மறைக்கத் தெரியாதவர் வெகுளி. இவர் நிறையப் பேசுவார், அதனால் வெகுளியை வாயில்லாப் பூச்சி என்று எழுதினால் தப்பு. ஏமாளிக்கு ஏற்கெனவே நஷ்டம் வந்தாயிற்று. நஷ்டம் வராதவரை யாரும் ஏமாளி ஆவதில்லை. இந்த நாலையும் ஒரே ஆளுக்கு அடுக்கி எழுதுவது இரக்கத்தைக் கூட்டாது, குழப்பும்.

‘வெள்ளந்தி’ அழகான சொல். ஆனால் அது தெற்கத்திக் கதைகளில் பழகிய சொல். காசிமேட்டில் மீன் ஏலம் கூறுகிறவர் வாயில் அதை வைத்தால் வாசகருக்கு உடனே தட்டும். அங்கே “சூதுவாது தெரியாத மன்சன்” என்பார்கள்.

பணிவு, பவ்யம், கூழைக்கும்பிடு. உள்ளே இருப்பது பணிவு. வெளியே தெரிவது பவ்யம். கையைக் கட்டுவது, குரலைத் தாழ்த்துவது, நாற்காலி நுனியில் உட்கார்வது எல்லாம் பவ்யம். ஆகவே பவ்யத்தைக் கண்ணால் பார்த்தவர் எழுதலாம். பணிவை எழுத அந்த ஆளைக் கொஞ்ச நாள் பழகியிருக்க வேண்டும். உள்ளே ஒன்றுமில்லாமல் வெளியே மட்டும் வளைந்தால் கூழைக்கும்பிடு. யாரைக் கண்டால் வளைகிறார் என்று பாருங்கள். அதிகாரியிடமும் டீக்கடைப் பையனிடமும் ஒரே குரலில் பேசுகிறவருக்கு மட்டும் பணிவு என்ற சொல்லைக் கொடுங்கள்.

அடிமை. கடவுள் முன்னால் இது பெருமை, மனிதர் முன்னால் இழிவு. அடியேன், அடியார், தொண்டர் எல்லாம் முதல் வகை. திருவொற்றியூர்க் கோயிலோடு சேர்த்துப் பேசப்படும் சுந்தரரை எடுத்துக்கொள்ளுங்கள். முதியவர் வேடத்தில் வந்த இறைவன் அடிமை ஓலையைக் காட்டி ‘நீ என் ஆள்’ என்று வழக்காட, இவர் ‘பித்தா’ என்று சண்டைக்குப் போனவர். அதனால் கிடைத்த பெயர் வன்தொண்டர். தொண்டர்தான், ஆனால் மெத்தென்று இருப்பவர் இல்லை. தொண்டு செய்கிறவர் எல்லாரும் சாது என்று நினைத்து எழுதுகிறவர்கள் இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கொத்தடிமை வேறு. அது சட்டச் சொல். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. முன்பணத்தையோ கடனையோ காட்டி ஒருவரை வேலையை விட்டுப் போக முடியாமல் கட்டி வைப்பதுதான் கொத்தடிமை. ஆபீஸில் வேலை அதிகம் என்பதற்காக ‘கொத்தடிமை மாதிரி’ என்று எழுதிப் பழகினால், உண்மையாகவே அப்படிச் சிக்கியவர் எழுதும் மனுவில் அந்தச் சொல் கனமிழந்து நிற்கும்.

மேடையிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும்

ஆமாம் போடுகிறவர்களுக்கான சொற்கள் பலவும் கச்சேரி மேடையிலிருந்து இறங்கி வந்தவை. ஜால்ரா, தாளம் போடுதல், பின்பாட்டு, ஒத்து ஊதுதல். கடைசியைக் கிட்டத்தில் பாருங்கள். நாதஸ்வர கோஷ்டியில் ஒத்து என்பது பார்ப்பதற்கு நாதஸ்வரம் போலவே நீளமான குழல். ஆனால் அதில் ராகம் வாசிக்க முடியாது. ஒரே சுருதியைக் கச்சேரி முடியும்வரை மூச்சு விடாமல் ஊதிக்கொண்டிருக்க வேண்டும். பெரியவர் எந்த ராகம் எடுத்தாலும் ஒத்துக்கு ஒரே சுரம். அதனால் எதற்கும் ஒரே பதில் சொல்கிறவருக்கு ‘ஒத்து ஊதுகிறார்’ பொருந்தும். ஜால்ரா அப்படி இல்லை. அதன் சத்தம் கடைசி வரிசைவரை கேட்கும். புகழ்வது எல்லாருக்கும் கேட்கட்டும் என்று புகழ்கிறவர் ஜால்ரா. முதலாளிக்கு முன்னால் மட்டும் தலையாட்டும் அமைதியான ஆளை ஜால்ரா என்று எழுதக் கூடாது. ‘அடக்கி வாசி’யும் மேடைச் சொல்தான். அதில் வாசிப்பு நிற்கவில்லை, சத்தம்தான் குறைகிறது. பேச்சையே நிறுத்தச் சொல்லும் இடத்தில் அதைப் போடாதீர்கள்.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையில் இரண்டு விதம் உண்டு. ஒன்று தலையும் உடலும் தனித்தனியாகக் கம்பியில் நின்று நாலா பக்கமும் ஆடும் நடனப் பொம்மை. இன்னொன்று அடியில் கனமாக, உருண்டையாக இருக்கும் ராஜா ராணிப் பொம்மை. இதைப் படுக்க வைத்துத் தள்ளினாலும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். எதற்கும் தலையாட்டுகிறவருக்கு உவமை சொல்லும்போது முதல் பொம்மையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பொம்மை நேர் எதிரான ஆளுக்குப் பொருந்தும். விழுந்து விழுந்து எழுகிறவர் அவர்.

உயிரினங்களில் பூம்பூம் மாடு, கேட்ட கேள்விக்கெல்லாம் தலையசைப்பதால் வந்தது. கயிறு மாட்டுக்காரர் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லும். பெட்டிப்பாம்புக்கு விஷம் இருந்தது, படம் எடுத்தது, இப்போது அடங்கியிருக்கிறது. ஆதலால் முன்னால் ஆட்டம் போட்ட ஆளுக்கு மட்டும்தான் இது. எப்போதுமே சாதுவான ஒருவரைப் பெட்டிப்பாம்பு என்றால் இல்லாத விஷத்தை ஏற்றுகிறோம். பிள்ளைப்பூச்சி கடிக்காது, கொட்டாது. “பிள்ளைப்பூச்சிக்கெல்லாம் கொடுக்கு முளைத்துவிட்டது” என்று பேச்சில் வருவது அதனால்தான். ஆடு தனியாக வந்தால் பரிதாபம், மந்தையாக வந்தால் யோசிக்காத கூட்டம்.

வடசென்னைப் பேச்சில்

கதையில் உரையாடல் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பகுதி. ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் மென்மையைப் பற்றிப் பேச நீளமான சொல் தேவைப்படுவதில்லை. “பாவம்” என்ற ஒன்றே முக்கால்வாசி இடத்தை நிரப்பும். தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கும் இரண்டு பேர் பேசிக்கொள்வது இப்படி இருக்கும்:

“இன்னாக்கா, உங்க வூட்டுக்காரரு வாயே தொறக்க மாட்டாரா? அந்தாளு அவ்ளோ பேசுறான், கம்முனு நின்னுகினு கீறாரு.”

“அவரு பாவம்மே. சண்ட சச்சரவுன்னா ஒதுங்கிப் பூடுவாரு. ஆனா வூட்டு விசயத்துல யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு.”

இரண்டாவது பெண் என்ன செய்தார் என்று பாருங்கள். ‘பாவம்’ என்று ஒப்புக்கொண்டு, ‘ஒதுங்கி’ என்று தன்வினை போட்டு, ‘ஆனா’ என்று ஒரு கோடு இழுத்துவிட்டார். கணவரை யாரும் எடுப்பார் கைப்பிள்ளை என்று நினைக்க இடம் இல்லை.

இளையவர் பேச்சில் ‘டம்மி பீஸ்’ என்றால் பதவி இருந்தும் அதிகாரம் இல்லாதவர். ‘அல்லக்கை’ பெரிய ஆளைச் சுற்றி நிற்பவர், அவருக்கு அடங்குவார், மற்றவரிடம் துள்ளுவார். ‘சொம்பு’ அண்மையில் பரவியது, ஜால்ராவின் தம்பி. ‘பச்ச மண்ணு’ இதில் எல்லாம் மிக அன்பான சொல். இன்னும் சுடாத மண், எப்படிப் பிடித்தாலும் அப்படி ஆகும். சின்னப் பையனுக்கும் புதிதாக வேலைக்கு வந்தவருக்கும் சொல்வார்கள். ‘சரண்டர்’ சண்டைக்குப் பிறகுதான் வரும். ‘ஜகா வாங்கிட்டான்’ என்றால் பணிந்ததாக ஆகாது, கழன்றுகொண்டான் என்று அர்த்தம். இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள்.

‘ஊமை’, ‘மண்ணு’, ‘தத்தி’ என்று அமைதியானவர்களைக் கூப்பிடுவதைப் பாத்திரத்தின் வாயில் தேவைப்பட்டால் வையுங்கள், உங்கள் வாக்கியத்தில் வேண்டாம். வாய் பேச முடியாதவரின் உடல்நிலையை இன்னொருவரைத் திட்டும் சொல்லாக ஆக்குவது இரண்டு பேருக்கும் செய்யும் கொடுமை.

எழுதும் இடத்துக்குத் தக்கபடி

ரேங்க் கார்டில் ‘அமைதியான மாணவி’ என்று எழுதினால் பெற்றோருக்கு ஒன்றும் தெரியாது. கேள்வி கேட்டால் பதில் சொல்கிறாளா, தானாகக் கை தூக்குகிறாளா, பக்கத்துப் பெண் பேனாவை எடுத்துக்கொண்டால் திருப்பிக் கேட்கிறாளா என்று இரண்டு செயலை எழுதுங்கள். ‘சொன்ன பேச்சைக் கேட்பாள்’ என்று பாராட்டும்போது யார் சொன்னாலுமா என்று ஒரு முறை யோசியுங்கள். யார் சொன்னாலும் கேட்கிற பிள்ளைக்குப் பாராட்டைவிட ‘வேண்டாம்’ என்று சொல்லும் பழக்கம் அவசரமாகத் தேவை.

பயோடேட்டாவில் ‘அனுசரித்துப் போகக்கூடிய’ என்ற தொடர் கண்ணை மூடிக்கொண்டு போடப்படுகிறது. எதில் அனுசரிப்பார் என்று ஒன்றைச் சொன்னால் அது தகவல், சொல்லாவிட்டால் அது தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக். “கூட்டுக் குடும்பத்தில் இருக்கச் சம்மதம், வேலையை விடச் சம்மதம் இல்லை” என்று எழுதினால் இரண்டு வீட்டுக்கும் நேரம் மிச்சம்.

எழுத்துப்பிழையும் இங்கே அதிகம். ‘வாயில்லாப் பூச்சி’, ‘அடங்காப்பிடாரி’ இரண்டிலும் ஒற்று மிகும், ஏனென்றால் இல்லாத, அடங்காத என்பதில் கடைசி எழுத்து கெட்டிருக்கிறது. ‘வாயில்லாத பூச்சி’ என்று முழுசாக எழுதினால் ஒற்று வராது. பெட்டிப்பாம்பு, கைப்பிள்ளை, கூழைக்கும்பிடு, தலையாட்டிப் பொம்மை எல்லாவற்றிலும் ஒற்று உண்டு.

மனுதான் எல்லாவற்றிலும் கனமானது. தீபாவளிச் சீட்டில் பணம் போன ஒருவருக்கு எழுதும் மனு வழக்கமாக இப்படித் தொடங்கும்: “ஐயா, நான் ஒன்றும் தெரியாத அப்பாவிப் பெண். நம்பிச் சீட்டுக் கட்டி ஏமாந்துவிட்டேன்.” இதில் ஏமாந்தது இவர், தெரியாதது இவருக்கு, நம்பியதும் இவர். மூன்று வினைக்கும் எழுவாய் இவரே. எதிராளி வாக்கியத்துக்குள் வரவே இல்லை. இப்படி மாற்றுங்கள்:

“எங்கள் தெருவில் வசிக்கும் இன்னார் தீபாவளிச் சீட்டு நடத்தினார். மாதம் 1,000 ரூபாய் வீதம் 12 மாதம், மொத்தம் 12,000 ரூபாய் அவர் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு மாதமும் அட்டையில் அவரே கையெழுத்துப் போட்டார். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு பணம் தருவதாகச் சொல்லியிருந்தார். கேட்கப் போனபோது, படித்துக் காட்டாமல் ஒரு தாளில் என் கைநாட்டை வாங்கினார். பணம் தரவில்லை.”

அப்பாவி என்ற சொல் இல்லை. ஆனால் படிக்கிற அதிகாரிக்கு அந்தப் பெண் எப்படிப்பட்டவர், எதிரில் இருப்பவர் என்ன செய்தார் என்று இரண்டும் தெரிகிறது. அட்டையின் நகலை இணைத்து, மனு கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டு வன்முறை மனுவில் ‘இத்தனை நாள் அனுசரித்து வந்தேன்’ என்று எழுதவே எழுதாதீர்கள். அது சம்மதம் மாதிரிப் படிக்கும். “வெளியே சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று மிரட்டினார், அதனால் சொல்லவில்லை” என்பதுதான் நடந்தது என்றால் அதையே எழுதுங்கள். மிரள்–மிரட்டு ஜோடியில் இரண்டாவதுக்கு இங்கே வேலை. பெண்கள் உதவி எண் 181இல் பேசும்போதும் இப்படியே, யார் என்ன செய்தார் என்ற வரிசையில் சொல்லலாம்.

எழுதி முடித்ததும் முழுவதையும் அவருக்கு நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். இப்படிப்பட்டவர்கள் எழுதுகிறவரிடமும் தலையாட்டிவிடுவார்கள், “நீங்க எழுதுனா சரியா இருக்கும் சார்” என்று பேனாவுக்குக் கை நீட்டுவார்கள். அப்போதே கையெழுத்து வாங்கிவிட வேண்டாம். யார் என்ன சொன்னார், எவ்வளவு பணம், எந்த மாதம் என்று அவர் வாயாலேயே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். எங்கேயாவது “இல்ல சார், அது அப்படி இல்ல” என்று அவர் குறுக்கிட்டால் அந்த வரியை அடித்து, அவர் சொன்னபடி திருத்தி, மறுபடி வாசித்துவிட்டுப் பேனாவைக் கொடுங்கள்.